வெப்பவடிவாக்க நெகிழிக் கத்தியுறை: வீட்டுப் பட்டறைச் செய்முறையும் பிடிப்பின் அடிப்படையும்

ஆய்வுச் சுருக்கம்

நெகிழித் தகட்டைச் சூடாக்கி, கத்தியின் மீதே அழுத்தி உறையாக வடித்தெடுக்கும் முறை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கைவினைக் கத்தி செய்வோரிடையே வேரூன்றி, இன்று பல நாடுகளில் வீட்டுப் பட்டறைகளில் கையாளப்படுகிறது. பெரிய எந்திரங்களோ தனி அச்சுகளோ இதற்குத் தேவையில்லை. எனினும் பிழையாகச் செய்யப்பட்ட உறை கத்தியை நழுவவிட்டோ, கையை வெட்டுவாயின் பக்கம் இழுத்தோ காயம் விளைவிக்கும். அளவுக்கு மீறிச் சூடான தகடு நச்சு வளிமத்தை வெளியிடும். இக்கட்டுரை உறைப்பொருளின் இயல்பு, வடிவமைப்பு, செய்முறை, பிடிப்பின் இயக்கம், பாதுகாப்பு ஆகியவற்றை வரிசையாக விளக்குகிறது. நல்ல உறை கத்தியை இறுக்கத்தால் அன்றி வடிவத்தால் பிடிக்கிறது என்பதே இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: கத்தியுறை, இளகும் நெகிழி, வெப்பவடிவாக்கம், கைடெக்ஸ், பிவிசி, பிடிப்பு, கைவினைத் தொழில்நுட்பம்.

1. முன்னுரை

கத்திக்கு உறை மூன்று பணிகளைச் செய்கிறது. வெட்டுவாயிலிருந்து மனிதனைக் காக்கிறது. ஈரம், உராய்வு முதலியவற்றிலிருந்து வெட்டுவாயைக் காக்கிறது. வேண்டும்போது ஒரே கையால் உருவவும் செருகவும் இடந்தருகிறது. இவற்றுள் முதலிரண்டும் ‘மூடுதல்’ என்னும் பொருளில் அடங்கும். மூன்றாவது, கத்தியைப் பிடித்திருத்தலும் விடுவித்தலும் ஆகிய ஒன்றுக்கொன்று முரணான இரு செயல்களை ஒரே பொருளிடம் வேண்டுகிறது. உறை செய்யும் கலையின் அருமை இம்மூன்றாம் பணியில்தான் உள்ளது.

தமிழில் ‘உறை’ என்பது பெயராக நின்று மூடியிருக்கும் பொருளையும், வினையாக நின்று இறுகிக் கெட்டியாதலையும் குறிக்கும். இங்கு ஆராயப்படும் உறை இவ்விரு பொருளுக்கும் ஒருங்கே பொருந்துவது. இளகிய நெகிழி கத்தியின் மேல் உறைந்தே உறையாகிறது.

2. உறைப்பொருள்கள்: மரபும் மாற்றமும்

தோலும் மரமும் நெடுங்காலமாக உறைக்குப் பயன்பட்டு வருகின்றன. தாவரத் துவர்ப்பொருளால் பதனிடப்பட்ட தோலை நனைத்து, கத்தியின் மேல் அழுத்தி உலர்த்தினால் அது அவ்வடிவத்தை ஏற்கும். ஆயினும் தோல் ஈரத்தை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்வதால், கரிம எஃகால் ஆன அலகு துருப்பிடிக்க ஏதுவாகிறது. பின்லாந்தின் ‘பூக்கோ’ கத்திக்கு அமையும் தோலுறையினுள் மரத்தாலான உள்கூடு ஒன்று பொருத்தப்படுவது வழக்கம். கூரிய அலகு தோலைக் கிழித்து வெளிவராமல் அது காக்கிறது.

பிடிப்பு பற்றிய தெளிவான பாடத்தைச் சப்பானிய வாளுறையில் காணலாம். மரத்தாலான அவ்வுறையினுள் அலகு எங்கும் அழுந்துவதில்லை. அலகின் அடியில் ‘ஹபாக்கி’ என்னும் உலோகப் பட்டை பொருத்தப்பட்டுள்ளது. அதுவே உறையின் வாயில் ஆப்புப்போல் செருகி வாளைப் பிடிக்கிறது. வெட்டுவாய் உறையினுள் மிதந்தவாறு இருக்கிறது. வேறு காலத்தில், வேறு பொருளால் செய்யப்படும் நெகிழியுறைக்கும் இதே நெறி பொருந்துவதைப் பின்னர்க் காணலாம்.

நெகிழியுறைகள் இருவகையில் உருவாகின்றன. தொழிற்சாலையில், உருகிய நெகிழியை உலோக அச்சினுள் அழுத்திச் செலுத்தி வார்ப்பர். சுவீடனின் மோரா கத்திகளுடன் வரும் உறைகள் இவ்வகையின. இதற்கான அச்சு விலை மிகுந்தது. ஒரே வடிவக் கத்திகள் பெருந்தொகையாக விற்பனையாகும்போதுதான் கட்டுப்படியாகும். வீட்டுப் பட்டறையில் நிலைமை நேர்மாறானது. அங்கு ஒவ்வொரு கத்தியும் தனி வடிவம் உடையது. எனவே தட்டையான நெகிழித் தகட்டை இளக்கி, கத்தியையே அச்சாகக் கொண்டு வடிப்பர். இதுவே வெப்பவடிவாக்கம் எனப்படும்.

இதற்குப் பெரிதும் பயன்படும் தகடு கைடெக்ஸ் என்னும் வணிகப் பெயர் கொண்டது. அக்ரிலிக்கும் பாலிவினைல் குளோரைடும் (பிவிசி) சேர்ந்த கலப்பு நெகிழியான இதனை 1965இல் ரோம் அண்ட் ஹாஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது. வானூர்திகளின் உட்புற அமைப்புகளுக்கென உருவான இப்பொருள் கடினமானது, ஈரத்தை ஏற்காதது, எளிதில் தீப்பற்றாதது. இப்பண்புகளே இதனைப் பின்னர்த் துப்பாக்கியுறை, கத்தியுறை செய்வோரிடமும் கொண்டு சேர்த்தன.

3. பொருளின் இயல்பு

நெகிழிகளை இளகும் வகை, இறுகும் வகை என இரண்டாகப் பகுப்பர். 1907இல் லியோ பேக்லாண்டு உருவாக்கிய பேக்கலைட்டு இறுகும் வகையினது. ஒருமுறை இறுகியபின் எவ்வளவு சூடாக்கினாலும் இளகாது, கருகவே செய்யும். பிவிசியும் அதன் கலப்புகளும் இளகும் வகையின. அவற்றின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று வேதிப் பிணைப்பால் கட்டுண்டிருப்பதில்லை. வெப்பம் ஏறும்போது சங்கிலிகள் அசையத் தொடங்குகின்றன. குளிரும்போது புதிய இடத்தில் நின்றுவிடுகின்றன.

இவ்வகைத் தகட்டிற்கு மூன்று வெப்ப எல்லைகள் முதன்மையானவை. ஏறத்தாழ 75 முதல் 80 பாகை செல்சியசில் தகடு தன் விறைப்பை இழக்கத் தொடங்குகிறது. ஏறத்தாழ 160 முதல் 180 பாகையில் ஈரத்தோல்போல் துவண்டு, நுண்ணிய மேடுபள்ளங்களையும் ஏற்கும் நிலையை அடைகிறது. அதற்கு மேல் வெப்பம் கூடக்கூட மேற்பரப்பு பளபளத்து, பின் கொப்புளித்துப் பழுப்பேறி, ஐதரசன் குளோரைடு வளிமத்தை வெளியிடுகிறது. வடிவாக்கத்திற்கும் சிதைவிற்கும் இடையிலுள்ள இடைவெளி குறுகியது என்பதை முதற்கண் மனத்திற்கொள்ள வேண்டும்.

இன்னொரு பண்பும் குறிப்பிடத்தக்கது. வடித்த உறையை மீண்டும் அதே வெப்பத்திற்குக் கொண்டு சென்றால் அது தட்டையான பழைய நிலைக்குத் திரும்ப முற்படும். இதனைப் பொருளின் ‘நினைவு’ என்பர். ஒருமுறை பிழைத்த தகட்டை மறுமுறை பயன்படுத்த இது உதவுகிறது. ஆனால் வடித்த உறையின் ஒரு பகுதியைத் திருத்தச் சூடாக்கும்போது அருகிலுள்ள பகுதியும் விரிந்துவிடக்கூடும்.

4. வடிவமைப்பு

வீட்டில் செய்யப்படும் உறைகள் இருவகைப்படும். ஒரே தகட்டைக் கத்தியின் முதுகுப் பக்கம் மடித்து, வெட்டுவாய்ப் பக்கம் மட்டும் இணைப்பது மடிப்புறை. இரு தகடுகளுக்கிடையே கத்தியை வைத்து இருபுறமும் இணைப்பது இணைப்புறை. மடிப்புறை ஒடுங்கியது, எடை குறைந்தது; சிறு கத்திகளுக்கு ஏற்றது. இணைப்புறை அகன்றது, இடுப்போடு தட்டையாகப் படிந்து நிற்பது. முதன்முறை செய்வோர்க்கு இணைப்புறையே எளிது. ஏனெனில் இரு தகடுகளையும் தனித்தனியே வடித்து, தவறிய ஒன்றை மட்டும் மீண்டும் செய்யலாம்.

தகட்டின் தடிப்பு உறையின் இயல்பைத் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 1.5, 2.0, 2.4, 3.2 மி.மீ. தடிப்புகளில் தகடுகள் கிடைக்கின்றன. தகட்டின் வளைவெதிர்ப்பு அதன் தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. ஆகவே 1.5 மி.மீ. தகட்டைவிட 2.0 மி.மீ. தகடு மூன்றிலொரு பங்கே தடித்ததாயினும், விறைப்பில் ஏறத்தாழ 2.4 மடங்கு மிகுந்தது. மெல்லிய தகடு கத்தியை எளிதில் விடும். தடித்தது நுண்வடிவங்களை ஏற்காததோடு உருவுவதற்கும் மிகுந்த வலிமையை வேண்டும். நடுத்தரக் கத்திகளுக்கு 2.0 மி.மீ. தகடு பொதுவாக ஏற்றதாகக் கொள்ளப்படுகிறது.

அலகின் உருவமும் கருதத்தக்கது. அலகு அடியில் குறுகி நடுவில் அகன்றிருப்பின், அகன்ற பகுதி கடந்து செல்லும் அளவிற்கு உறையின் வாய் முதல் வழி திறந்திருக்க வேண்டும். உருவரையை அப்படியே பின்பற்றி வடித்தால் கத்தி உள்ளே சிக்கிக்கொள்ளும். தாளில் கத்தியின் உருவை வரைந்து, அதே தாளின் மேல் கத்தியை உருவும் திசையில் நகர்த்திப் பார்ப்பது இப்பிழையை முன்கூட்டியே காட்டும்.

5. செய்முறை

5.1 கருவிகள்

இரு மரப்பலகைகளைக் கீல் இட்டு இணைத்து, உட்புறங்களில் 2 முதல் 3 செ.மீ. தடிப்புள்ள, வெப்பந்தாங்கும் நுரைப்பஞ்சை ஒட்டினால் அழுத்தி ஒன்று உருவாகும். இறுக்குவதற்குக் கிளாம்ப்புகள் தேவை. சூடாக்குவதற்குச் சிறு மின்னடுப்போ வெப்பக்காற்று ஊதியோ (ஹீட் கன்) பயன்படும். அடுப்பு தகட்டைச் சீராகச் சூடாக்கும். ஊதி சிறு திருத்தங்களுக்கு ஏற்றது. இவற்றுடன் கூர்கத்தி, ஆக்சா பிளேடு, துளைக்கருவி, உப்புத்தாள், குழல் ரிவிட்டுகள் (ஐலெட்), அவற்றின் விளிம்பை விரிக்கும் அச்சு ஆகியன வேண்டும்.

5.2 கத்தியை ஆயத்தப்படுத்தல்

கத்தியைத் துடைத்து உலர்த்தி, அலகின் இருபுறமும் முதுகையும் வெட்டுவாயையும் மூடுமாறு மாஸ்கிங் டேப்பை ஒன்று அல்லது இரண்டு சுற்று ஒட்ட வேண்டும். இதனால் மூன்று நன்மைகள் விளைகின்றன: வேலையின்போது கை வெட்டுப்படாது, அலகில் கீறல் விழாது, டேப்பை நீக்கியபின் அலகிற்கும் உறைக்குமிடையே சிறு இடைவெளி கிடைக்கும். ஆனால் பிடிப்பு நிகழவேண்டிய இடத்தில், அதாவது கைக்காப்பிலோ கைப்பிடியின் முன்பகுதியிலோ, டேப் ஒட்டலாகாது. அவ்விடத்தை நெகிழி நேராகத் தழுவ வேண்டும்.

5.3 வெட்டலும் சூடாக்கலும்

உருவரைக்கு வெளியே எல்லாப் பக்கமும் 3 செ.மீ. அளவிற்குக் கூடுதலாக விட்டுத் தகட்டை வெட்ட வேண்டும். கூர்கத்தியால் ஆழமாகக் கீறி, மேசை விளிம்பில் வைத்து வளைத்தால் தகடு கீறலின் வழியே நேராக உடையும். அடுப்பை 165 பாகை செல்சியசு அளவில் நிறுத்தி, தகட்டைச் சில நிமிடங்கள் வைக்க வேண்டும். சிறு அடுப்புகளின் திருகுக்குறிகளை நம்பலாகாது. தனி வெப்பமானியொன்றை உள்ளே வைப்பது நன்று. தகட்டின் ஓரத்தைத் தூக்கினால் அது தன் எடையால் தொங்க வேண்டும். அதுவே வடிவாக்கத்திற்குரிய பதம். இன்னும் விறைப்பு இருப்பின் கூர்மையான வடிவம் பதியாது. மேற்பரப்பின் சொரசொரப்பு மறைந்து பளபளப்புத் தோன்றின் பதம் கடந்துவிட்டது.

5.4 அழுத்தல்

பதமான தகட்டை வெப்பந்தாங்கும் கையுறையுடன் எடுத்து, நுரைப்பஞ்சின் மேல் இட்டு, கத்தியை முன்குறித்த இடத்தில் வைத்து, அழுத்தியை மூடி இறுக்க வேண்டும். இச்செயலுக்குக் கிடைப்பன சில விநாடிகளே. மெல்லிய தகடு காற்றில் விரைவில் குளிர்ந்துவிடும். எனவே கத்தியின் திசையையும் கிளாம்ப்புகளின் இடத்தையும் முன்னரே ஒருமுறை சூடற்ற தகட்டால் ஒத்திகை பார்த்தல் இன்றியமையாதது. பின்னர் 10 நிமிடமேனும் திறவாது விட வேண்டும். வெதுவெதுப்பு இருக்கும்போதே திறந்தால், தகடு தன் ‘நினைவின்’படி சற்றே விரிந்து பிடிப்பை இழக்கும். இணைப்புறையின் மறுபக்கத் தகட்டையும் இவ்வாறே வடிக்கலாம்.

5.5 துளையிடலும் இணைத்தலும்

கத்தியை உள்ளே வைத்தவாறே இரு தகடுகளையும் கிளாம்ப்பால் பற்றி, ரிவிட்டுகளுக்கான இடங்களைக் குறிக்க வேண்டும். துளையின் ஓரம் அலகிலிருந்து குறைந்தது 5 மி.மீ. தள்ளியிருத்தல் நலம். மிக நெருங்கினால் வெட்டுவாய் உலோகத்தில் உரசி மழுங்கும். மிக விலகினால் தகடுகள் இடையில் பிளந்து பிடிப்பைத் தளர்த்தும். இடுப்புவாரில் மாட்டும் கொக்கியின் துளைகளுக்கு ஏற்ப ரிவிட்டுகளின் இடைவெளியை முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும். குறித்தபின் கத்தியை வெளியே எடுத்து, தகடுகள் நகராதவாறு மீண்டும் பற்றித் துளையிடுவதே பாதுகாப்பானது. முதலில் ஒரேயொரு துளையில் தற்காலிகத் திருகாணி இட்டுக் கத்தியை உருவிப் பார்த்து, பின் ஏனையவற்றைத் துளைத்தல் பிழையைக் குறைக்கும். ரிவிட்டுக்கு மாறாக, இரப்பர் வளையம் இடையிட்ட திருகாணிகளைப் பயன்படுத்தினால் பிடிப்பைப் பின்னரும் கூட்டிக் குறைக்கலாம்.

5.6 விளிம்பைச் சீர்செய்தல்

மிகுதியை ஆக்சா பிளேடால் அறுத்து, 120, 220, 400 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்தால் இரு தகடுகளின் விளிம்பும் ஒன்றெனத் தோன்றும். முனையில் 3 மி.மீ. அளவுள்ள சிறு துளை விட வேண்டும். உட்புகுந்த நீரும் மண்துகளும் அதன் வழியே வெளியேறும். வாய்ப்பகுதியை வெளிநோக்கிச் சற்றே வளைத்துவிட்டால் கத்தியைச் செருகுவது எளிதாகும். அவ்வளைவின் ஒரு பகுதி, உருவும்போது பெருவிரல் ஊன்றித் தள்ளும் மேடையாகவும் பயன்படும்.

6. பிடிப்பு நிகழும் முறை

நெகிழி குளிரும்போது எஃகைவிட மிகுதியாகச் சுருங்குகிறது. பிவிசி வகைத் தகடு ஒரு பாகை வெப்பம் குறையும்போது தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 70 பங்கு சுருங்கும். எஃகு ஏறத்தாழ 12 பங்கே சுருங்கும். தகடு விறைப்படையும் 80 பாகையிலிருந்து அறையின் 30 பாகைக்கு இறங்குவது 50 பாகை மாற்றம். 30 மி.மீ. அகலமுள்ள அலகின் குறுக்கே, கத்தி எவ்வளவு சூடேறியிருந்தது என்பதைப் பொறுத்து, இது 0.09 முதல் 0.1 மி.மீ. வரையிலான நெருக்கமாகிறது. மாஸ்கிங் டேப்பின் தடிப்பு பொதுவாக இதனைவிடச் சற்று மிகுதி. டேப் ஒட்டாது வடித்தால் உறை அலகை முழுநீளமும் கவ்விக்கொள்வதும், ஒரு சுற்று டேப்பால் அக்கவ்வல் நீங்குவதும் இதனாலேயே.

அலகை முழுநீளமும் கவ்வும் உறை உறுதியானதாகத் தோன்றினும் அது தீய உறையே. அதிலிருந்து கத்தியை உருவ மிகுந்த விசை தேவை. விசை திடீரென விடுபடும்போது கை கட்டுப்பாடின்றிப் பாயும். மேலும், ஒவ்வொரு முறையும் நெகிழி அலகின் பக்கங்களை உரசும். இடையே சிக்கிய மணல் துகள் அலகைக் கீறும்.

நல்ல உறையில் பிடிப்பு ஓரிடத்தில் மட்டுமே நிகழ்கிறது. கைக்காப்பிற்குப் பின்னுள்ள தாழ்வான பகுதியிலோ, கைப்பிடியின் விரற்குழிவிலோ நெகிழி உட்புறமாகப் படிந்து சிறு வரம்பு ஒன்றை உருவாக்குகிறது. கத்தியைச் செருகும்போது கைக்காப்பின் மேடு அவ்வரம்பைக் கடக்க, உறையின் சுவர்கள் சற்றே விரிந்து பழைய நிலைக்கு மீள்கின்றன. அப்போது எழும் ‘டக்’ என்னும் ஒலியே பிடிப்பு அமைந்ததற்கான அறிகுறி. உருவும்போதும் அதே வரம்பை ஒருமுறை கடந்தால் போதும். அதன்பின் அலகு தடையின்றி வெளிவரும். சப்பானிய வாளுறையில் உலோகப் பட்டை செய்யும் பணியை இங்கு நெகிழியின் மீள்தன்மை செய்கிறது. இரண்டிலும் வெட்டுவாய் பிடிப்பில் பங்கு கொள்வதில்லை.

இதனால் செய்முறைக்கு ஒரு நெறி கிடைக்கிறது. அழுத்தியில் வடிக்கும்போது மிகுந்த அழுத்தம் வேண்டிய இடம் அலகு அன்று, கைக்காப்பை ஒட்டிய பகுதியே. அழுத்தியைத் திறக்குமுன், கிளாம்ப்புகளுள் ஒன்றேனும் அப்பகுதியின் நேர்மேலே அமைந்துள்ளதா எனக் காண்பது போதும்.

7. குறைகளும் திருத்தங்களும்

கத்தி உள்ளே ஆடி ஒலி எழுப்பினால் வாய்ப்பகுதியை மட்டும் வெப்பக்காற்றால் மெல்லச் சூடாக்கி, கத்தியைச் செருகி, இருபுறமும் விரல்களால் அழுத்திக் குளிரவிடலாம். பிடிப்பு மிகையாயின், அதே இடத்தைச் சூடாக்கிக் கத்தியைச் சற்றே உயர்த்திய நிலையில் குளிரவிட்டால் வரம்பு தணியும். இரு நிலையிலும் அருகிலுள்ள பகுதி விரியாதவாறு ஈரத்துணியால் மூடிக்கொள்வது நன்று. வடித்த தகடு கருகியோ கொப்புளித்தோ இருப்பின் அதனைத் திருத்த இயலாது; கழித்துவிட வேண்டும்.

முடித்த உறையைச் சோதிக்க, வெட்டுவாயில் டேப்பை ஒட்டியவாறே கத்தியைச் செருகி, கைப்பிடி கீழ்நோக்க, மெத்தை விரித்த மேசையின் மேல் உறையைப் பிடித்து உலுக்க வேண்டும். பலமுறை உலுக்கியும் கத்தி நழுவாமலும், பெருவிரலால் தள்ளியவுடன் எளிதில் விடுபட்டும் வருமாயின் உறை தேறியதாகக் கொள்ளலாம்.

8. பாதுகாப்பும் வரம்புகளும்

பிவிசி சார்ந்த தகடுகள் மிகையாகச் சூடாகும்போது வெளிவரும் ஐதரசன் குளோரைடு கண்ணையும் மூச்சுப்பாதையையும் தாக்கும். அருகிலுள்ள எஃகையும் அரிக்கும். ஆகவே சமையலுக்குப் பயன்படும் அடுப்பில் இப்பணியைச் செய்யலாகாது. காற்றோட்டமான இடத்தில், இதற்கென ஒதுக்கிய அடுப்பில் செய்ய வேண்டும். காரமான நெடி எழுந்தவுடன் மின்னிணைப்பைத் துண்டித்து அவ்விடத்தை விட்டு விலகல் வேண்டும். தேய்க்கும்போது எழும் தூளுக்கு முகக்கவசம் அணிதல் தேவை.

தமிழ்நாட்டில் கைடெக்ஸ் தகடு எளிதில் கிடைக்காத இடங்களில், வன்பொருள் கடைகளில் கிடைக்கும் பிவிசி குழாயை நீளவாக்கில் அறுத்து, சூடாக்கித் தட்டையாக்கிப் பயன்படுத்தலாம். செய்முறை ஒன்றே. ஆயினும் குழாய்ப் பிவிசியில் அக்ரிலிக் கலப்பு இல்லாமையால் அதிர்ச்சியில் விரிசல் விடும் வாய்ப்பு மிகுதி. அன்றியும், குழாய்களில் வெப்ப நிலைப்படுத்தியாக ஈயச் சேர்மங்கள் பயன்பட்டு வந்தன. இவற்றைக் கட்டுப்படுத்தும் விதிகளை இந்திய நடுவணரசு 2021இல் வெளியிட்டது. எனவே பழைய குழாய்த் துண்டுகளை எடுத்து அறுத்துத் தேய்ப்பதைத் தவிர்க்க வேண்டும். அத்தூளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இவ்வெச்சரிக்கை மேலும் இன்றியமையாதது.

வடித்த உறைக்கும் வரம்புகள் உண்டு. வெயிலில் மூடி நிறுத்திய காரின் முன்பலகையில் வைத்தால், தகடு விறைப்பிழக்கும் எல்லையை அது நெருங்கி உருக்குலையக்கூடும். தோலைப்போல் நெகிழியுறை ஈரத்தை உறிஞ்சாதெனினும், உள்ளே புகுந்த ஈரம் ஆவியாகவும் வழி குறைவு. ஆகவே ஈரமான கத்தியைத் துடைத்த பின்னரே செருக வேண்டும். கடற்கரை மணலிலும் சேற்றிலும் பயன்படுத்திய உறையை அவ்வப்போது நீர்விட்டு அலசி உலர்த்தல் அலகைக் கீறலிலிருந்து காக்கும்.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. வெப்பவடிவாக்கம் கத்தியையே அச்சாகக் கொள்வதால், தனி அச்சின் செலவின்றி ஒவ்வொரு கத்திக்கும் உரிய உறையை வீட்டிலேயே செய்ய இயலும். வெப்ப எல்லை குறுகியதாதலால், கண்ணளவை விட வெப்பமானியும் ஒத்திகையும் வேண்டும். குளிர்வுச் சுருக்கத்தை மாஸ்கிங் டேப்பால் ஈடுசெய்து, அலகை விடுவித்து, கைக்காப்பில் மட்டும் வரம்பமைத்தால் பிடிப்பும் விடுப்பும் ஒருங்கே கைகூடும். உறையின் தரத்தை அதன் இறுக்கத்தைக் கொண்டு அளப்பது பொருந்தாது. கத்தியைத் தொடவேண்டிய இடத்தில் தொட்டு, தொடக்கூடாத இடத்தில் விலகி நிற்பதே நல்ல உறையின் இலக்கணமாகும்.